ஓர் அங்குலக் காற்று

திருப்பூரில் ஒரு பனியன் துணி சட்டையாவதற்குள் பாதி ஊரைச் சுற்றிவிடும். நூல் நிட்டிங் கம்பெனிக்குப் போகிறது. பின்னிய துணி சாயப்பட்டறைக்கு, அங்கிருந்து காம்பாக்டிங்குக்கு, பிறகு பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங். பல ஆர்டர்களில் இந்த வேலைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தெருவில், ஜாப் ஒர்க் முறையில், வேறு வேறு கைகளில் நடக்கின்றன. துணியைக் குட்டியானை என்கிற டாடா ஏஸ் வண்டி சுமக்கிறது. ஷேடு ஒத்துப்போகிறதா, துணியின் கனத்தைக் குறிக்கும் ஜி.எஸ்.எம். நிற்கிறதா என்று பார்க்க மெர்ச்சண்டைசரும் முதலாளியும் அதன் பின்னாலேயே காரில் போகிறார்கள். மங்கலம் ரோடு, பல்லடம் ரோடு, காங்கயம் ரோடு, பி.என். ரோடு, அவற்றிலிருந்து பிரியும் சந்துகள், குடிநீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டி மூடிய தடங்கள், உயரத்துக்கு ஒரு கணக்கே இல்லாத வேகத்தடைகள் என்று இவர்களுடைய கார்கள் நாள் முழுக்க இறங்கி ஏறுகின்றன. இதே கார்களின் ரிம்கள் மட்டும் ஆண்டுக்காண்டு பெருத்துக்கொண்டே வந்திருக்கின்றன. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-க்கு 12 அங்குல ரிம். இன்று நடுத்தரக் காரின் மேல்ரகத்துக்கே 16, 17 அங்குலம். இந்த ஓட்டத்தில் ஓர் அங்குலம் பின்வாங்குவது, அதாவது சிறிய ரிம்மும் அதற்கேற்ற உயரமான டயரும் போடுவது, நம் சாலைகளுக்குப் பொறியியல் நோக்கில் சரியான முடிவு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். அதற்குச் சில கறாரான நிபந்தனைகள் உண்டு. அவற்றை மீறிச் செய்தால் இதே முடிவு ஆபத்தாகும்.

முதலில் டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். பின்னல் இயந்திரத்தின் டயாவும் கேஜும் தெரிந்தால் எந்தத் துணி வரும் என்று ஒரு நிட்டர் சொல்லிவிடுவதுபோல, இந்த எண்களைக் கொண்டு டயரின் உருவத்தை மனதிலேயே வரைந்துவிடலாம். 195/55 R16 என்றால் டயரின் அகலம் 195 மில்லிமீட்டர். ரிம்முக்கு வெளியே நிற்கும் ரப்பர் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 சதவீதம், அதாவது 107 மி.மீ. ரிம்மின் விட்டம் 16 அங்குலம். மேலும் கீழும் ஒரு சுவர் உண்டு என்பதால் சுவர் உயரத்தை இரண்டால் பெருக்கி, ரிம்மின் 406.4 மி.மீ.யைக் கூட்டினால் சக்கரத்தின் முழு உயரம் 620.9 மி.மீ. இனி 185/65 R15 என்ற டயரைக் கணக்கிட்டுப் பாருங்கள். சுவர் 120 மி.மீ., ரிம் 381 மி.மீ., முழு உயரம் 621.5 மி.மீ. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. இவை இரண்டும் மாருதி பலேனோவின் டயர்கள்தாம். மேல்ரகங்களுக்கு 16 அங்குலம், கீழ்ரகங்களுக்கு 15 அங்குலம். ஸ்விஃப்ட் காரில் இதே கதை 185/65 R15, 165/80 R14 என்ற இணையாக வருகிறது: 621.5, 619.6 மி.மீ. இன்னோவா கிரிஸ்டாவில் 215/55 R17, 205/65 R16: 668, 673 மி.மீ. வண்டியின் உயரம், கியர் விகிதம், மீட்டர் காட்டும் வேகம் எல்லாம் ஏறக்குறைய அப்படியே இருக்க, உலோகம் இருந்த இடத்தில் ஓர் அங்குலம் காற்று வந்து உட்காருகிறது. சிறிய ரிம் என்றால் சக்கரமே சிறுத்து வண்டி தரையோடு போகும் என்று பலர் அஞ்சுவது இந்தக் கணக்கைப் பாராததால்தான்.

அந்தக் காற்றுக்கு என்ன வேலை? காரின் எடையைச் சுமப்பது பெரும்பாலும் அதுதான். ரப்பரும் ரிம்மும் காற்றை அடைத்து வைக்கும் பாத்திரத்தின் இரு பகுதிகள். பாத்திரத்தில் காற்றுக்கு இடம் கூடினால், அதே அழுத்தத்தில் சுமக்கும் திறனும் பொதுவாகக் கூடும். டயரில் அளவுக்குப் பின்னால் வரும் எண் இதைத்தான் சொல்கிறது. 195/55 R16 டயரின் வழக்கமான சுமை எண் 87. அதற்குப் பொருள் ஒரு டயருக்கு 545 கிலோ. 185/65 R15-க்கு 88, அதாவது 560 கிலோ. கிரிஸ்டாவின் 17 அங்குல டயருக்கு 94, 670 கிலோ. 16 அங்குல டயருக்கு 95, 690 கிலோ. ரிம் சிறுத்த இடத்தில் டயர் வலுத்திருக்கிறது. பெரிய ரிம்தான் அதிக பாரம் தாங்கும் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நேரடியான பதில் வேண்டுமென்றால், சாயப்பட்டறை வாசலில் ஈரத்துணியோ ரோல்களோ ஏற்றிக்கொண்டு நிற்கும் டாடா ஏஸைப் பாருங்கள். முக்கால் டன் வாக்கில் பாரம் சுமக்க உருவாக்கிய அந்த வண்டிக்கு 12 அங்குல ரிம்தான். ஆனால் இந்த விதி எல்லா இடத்திலும் செல்லாது. ஸ்விஃப்ட்டில் 15-லிருந்து 14-க்கு இறங்கும்போது அகலமும் 20 மி.மீ. குறைந்துவிடுவதால் சுமை எண் 88-லிருந்து 85-க்கு, 560 கிலோவிலிருந்து 515 கிலோவுக்கு இறங்குகிறது. நான்கு டயருக்கு 2,060 கிலோ. ஆட்களோடும் சாமான்களோடும் ஒன்றரை டன்னை எட்டாத அந்தக் காருக்கு இது தாராளம்தான். என்றாலும் எண்ணைப் பார்க்காமல் இறங்கக்கூடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இனி அந்தச் சுவரையே அருகில் வைத்துப் பார்க்கலாம், ஏனென்றால் குழியில் அடிவாங்குவது அதுதான். டயரின் சுவருக்குள் இருப்பது துணி. பல்லடம், சோமனூர் விசைத்தறிக்காரர்கள் அதைப் பார்த்தால் பாதித் துணி என்றுதான் சொல்வார்கள். பாவு இழைகள் முறுக்கேறிய கயிறுகளாக நெருக்கமாக ஓடும். ஊடை என்று பெயருக்கு மெல்லிய இழைகள், பாவு கலைந்துவிடாமல் பிடித்துக்கொள்வதற்காக மட்டும். இருபுறமும் ரப்பர் பூசியதும் ஊடையின் வேலை முடிந்துவிடுகிறது. கார் ரேடியல் டயரில் இந்தக் கயிறுகள் பெரும்பாலும் பாலியெஸ்டர். 1946-ல் மிஷெலின் காப்புரிமை பெற்ற ரேடியல் முறையில் இவை ஓட்டத் திசைக்குச் செங்குத்தாக, ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு வளைந்து போகின்றன. சாலையைத் தொடும் பகுதிக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் உண்டு. சுவரில் எஃகு இல்லை. ஓரிரு அடுக்குத் துணி மட்டுமே. வளைந்து கொடுக்க வேண்டும் என்பதற்காகவே அதை அப்படி வைத்திருக்கிறார்கள். வளைய இடம் இருக்கும்வரை அது பிரமாதமாக உழைக்கும். இடம் தீர்ந்தால் குழியின் விளிம்புக்கும் ரிம்மின் உதட்டுக்கும் நடுவே சிக்கி, பாவுக் கயிறுகள் பட்டென்று அறுந்துபோகும். பிறகு உள்ளிருக்கும் காற்று அந்த இடத்தில் ரப்பரை மட்டும் வெளியே தள்ளும். பஞ்சர் கடைக்காரர் கையால் தடவிப் பார்த்து, டயர் வயிறு தள்ளிவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சொல்வது இதைத்தான். ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய அங்கே இழையே இல்லை.

அந்த இடம் எவ்வளவு என்பதைத் தோராயமாகக் கணக்கிடலாம். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் ஒரு கார் நொடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கிறது. 60 செ.மீ. நீளமுள்ள குழியைத் தாண்ட அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியில் 23-ல் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் ஸ்பிரிங் சக்கரத்தைக் குழிக்குள் தள்ளியிருக்கும். சக்கரம் எதிர் விளிம்பில் போய் மோதும். ரிம்மின் உதடு சுமார் 17 மி.மீ. எழுந்து நிற்கிறது. நசுங்கி மடிந்த சுவரின் தடிமனுக்கு 20 மி.மீ. வைத்துக்கொள்வோம். 107 மி.மீ. சுவரில் இவை போக அமுங்க மீதியிருப்பது 70 மி.மீ.; 120 மி.மீ. சுவரில் 83. வித்தியாசம் அற்பமாகத் தெரிகிறது. ஆனால் அமுங்கும் பொருள் வாங்கிக்கொள்ளும் ஆற்றல் அமுங்கும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இரண்டு டயரின் விறைப்பும் ஒன்றே என்று கொண்டால், 83-ன் வர்க்கத்தை 70-ன் வர்க்கத்தால் வகுக்க 1.4 வருகிறது. ரிம் தரையைத் தொடுவதற்குமுன் 15 அங்குலச் சக்கரம் ஏறக்குறைய 40 சதவீதம் கூடுதல் அடியைத் தாங்கும். விரல் கனமுள்ள ஒரு கீற்றுக் காற்று தரும் பாதுகாப்பு இவ்வளவு. டயர், ரிம் எதுவாக இருந்தாலும் காற்றழுத்தம் குறைந்திருந்தால் இந்தக் கணக்கு முழுவதும் வீண் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சுவர் ஏற்கெனவே பாதி அமுங்கிய நிலையில்தான் அடியை எதிர்கொள்ளும்.

ரிம் பக்கத்துக் கணக்கும் இதே முடிவைத்தான் சொல்கிறது. அடி டயரைத் தாண்டி வந்தால் ஸ்டீல் ரிம் வளையும். லேசான வளைவைப் பட்டறையில் நிமிர்த்தலாம். வார்ப்பு அலாய் விரிசல் விடும். அதில் வெல்டிங் வைத்து மறுபடி ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. எடை இன்னொரு விஷயம். ஒரே முழு உயரமுள்ள இரண்டு சக்கரங்களில் பெரிய ரிம் உடையதில் உலோகம் மையத்திலிருந்து தள்ளிப் போகிறது. சுழலும் பொருளைக் கிளப்பவும் நிறுத்தவும் வேண்டிய உழைப்பு, எடை மையத்திலிருந்து இருக்கும் தூரத்தின் வர்க்கத்தோடு கூடுவது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் ஊரில் இதன் செலவு பெட்ரோலாகப் போகிறது. 2010-ல் அமெரிக்காவின் ‘கார் அண்ட் டிரைவர்’ இதழ் ஒரே ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரில் 15 அங்குலம் முதல் 19 அங்குலம் வரை சக்கரங்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சோதித்தது. 15-லிருந்து 19-க்குப் போனதில் எரிபொருள் சிக்கனம் சுமார் 10 சதவீதம் குறைந்தது; வேகம் எடுப்பதும் மந்தமானது. ஓர் அங்குல மாற்றத்தில் இவ்வளவு வராது. அகலமும் டயரின் ரகமும் இதில் கலந்திருக்கின்றன. ஆனாலும் மாற்றம் எந்தத் திசையில் போகும் என்பது தெளிவு. சிறிய டயரின் விலை பொதுவாகக் குறைவு என்பதைத் திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இனி மறுப்புகளுக்கு வருவோம். மிக வலுவான மறுப்பு ஸ்டீரிங் பற்றியது. உயரமான சுவர் பக்கவாட்டிலும் வளையும். ஸ்டீரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு கணம் தாமதித்துத் திரும்பும். அகலம் குறைந்தால் காய்ந்த தார்ச்சாலையில் பிடிமானமும் சற்றுக் குறையலாம். இது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. அவிநாசி வழியாகப் போகும் சேலம்–கொச்சி தேசிய நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் தடம் மாறும்போது கூர்மையாக ஓட்டுபவர்களுக்கு இந்த வித்தியாசம் கைக்குத் தெரியும். ஆனால் சுவர் உயரமாக இருந்தாலே வண்டி அடங்காது என்பது மிகை. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய ஜோர்டான் காருக்கு ரிம் 13 அங்குலம்தான். அந்தப் பந்தயத்தின் எல்லாக் கார்களுக்கும் 2021 வரை அதே அளவு. 2022-ல்தான் 18 ஆனது. உலகின் மிக வேகமான வளைவுகளை அந்தக் கார்கள் பல பத்தாண்டுகள் உயரமான ரப்பர் சுவர்களோடுதான் கடந்தன. அவற்றின் விறைத்த சஸ்பென்ஷனில் மென்மையாக எஞ்சியிருந்த பகுதியே டயர்தான் என்று சொல்லலாம். உலக ராலி பந்தயம் இன்னும் தெளிவான சாட்சி. தார்ச்சாலைப் போட்டிக்கு 18 அங்குல ரிம், மண்ணும் கல்லும் கிடக்கும் பாதைக்கு அதே காரில் 15 அங்குல ரிம். பணத்துக்குக் குறைவில்லாத, ஒவ்வொரு நொடியையும் எண்ணுகிற அணிகள் கரடுமுரடான பாதை என்றதும் மூன்று அங்குலம் இறங்குகின்றன. தினசரி ஓட்டத்தில் பாதிக்குமேல் தோண்டி மூடிய தெருக்கள் என்றால் நாம் எந்தப் பக்கம் சேர வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மழைக்காலத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் அகலம் குறைந்த டயர் கெட்டதில்லை. தேங்கிய நீரை ஒதுக்கித் தரையைத் தொடுவதில் ஒடுங்கிய டயருக்கே அனுகூலம்.

பெரிய சக்கரம் குழிக்குள் இறங்காமல் மேலே தாண்டிப் போகுமே என்பது இன்னொரு மறுப்பு. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு அது பொருந்தும். குழியைத் தாண்ட உதவுவது சக்கரத்தின் முழு உயரம். அதை மாற்றாமல் ரிம்மை மட்டும் பெரிதாக்கினால் தாண்டும் திறன் ஒரு துளியும் கூடாது. அமுங்கும் இடம்தான் குறையும். மூன்றாவது மறுப்பு மரியாதைக்குரியது: கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாததா, அவர்களே மேல்ரகத்துக்குப் பெரிய ரிம் போட்டிருக்கிறார்களே? அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் அதே காரைச் சிறிய ரிம்மிலும் விற்கிறார்கள். ஷோரூம் விளக்கில் வட்டம் நிறைந்த அலாய் கண்ணைக் கவர்கிறது, வண்டி விற்கிறது. கூடுதல் வசதிகளுக்காக மேல்ரகம் வாங்குபவரிடம் ரிம் அளவு பற்றி யாரும் விருப்பம் கேட்பதில்லை. அந்த மூட்டையோடு அதுவும் வந்துவிடுகிறது. இது வாங்குபவருக்குச் செய்யும் குறை என்பது என் கருத்து. மேல்ரகக் கார்கள் பலவற்றில் டிக்கி விரிப்பைத் தூக்கினால் கிடக்கும் ஸ்டெப்னி ஓர் அங்குலம் சிறிய ஸ்டீல் வீலாக இருக்கும். அந்தக் காரின் பிரேக்கைத் தாண்டி அந்தச் சிறிய ரிம் மாட்டும் என்பதற்குக் கம்பெனியே கொடுத்த சாட்சி அது. ஜெர்மனி போன்ற குளிர்நாடுகளில் பனிக்காலத்துக்கென்று ஓர் அங்குலம் சிறிய ரிம்மில் தனி டயர்த் தொகுதி வைத்திருப்பது சாதாரண வழக்கம். எந்தெந்த அளவு பொருந்தும் என்று கார் கம்பெனிகளே அங்கே பட்டியல் தருகின்றன.

எது பொருந்தாது என்பதில்தான் கவனம் முழுக்க வேண்டும். பலேனோவில் 16-லிருந்து இறங்கும்போது 185/65-க்குப் பதில், கடையில் இருந்தது என்று 185/60 R15 போட்டால் முழு உயரம் 603 மி.மீ. ஆகிவிடும். வண்டி 9 மி.மீ. தாழும். மீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் 97-தான், 10,000 கி.மீ. ஓடினால் மீட்டரில் சுமார் 300 கி.மீ. கூடுதலாக ஏறும். வேகத்தடையில் அடி தட்டும் ஊரில் சுவரை உயர்த்தாமல் ரிம்மை மட்டும் குறைப்பது நோக்கத்தையே தோற்கடிக்கும். அடுத்தது பிரேக். ரிம் எவ்வளவு சிறுக்கலாம் என்பதற்கு அடித்தளம் போடுவது டிஸ்க்கும் அதைக் கவ்வும் காலிப்பரும். சில மேல்ரகங்களுக்குப் பெரிய டிஸ்க் வருவதுண்டு. அங்கே கீழ்ரகத்தின் ரிம் மாட்டாது, தேய்த்து மாட்ட முயலவும் கூடாது. போல்ட் துளைகளின் வட்டம், நடுத்துளை, ரிம் உள்வாங்கி நிற்கும் அளவு, ரிம்மின் அகலம் எல்லாம் ஒத்திருக்க வேண்டும். நட்டைக்கூட அலட்சியம் செய்யக்கூடாது. சில கம்பெனிகளில் அலாய்க்குத் தட்டையான அடி உள்ள நட்டும் ஸ்டீலுக்குக் கூம்பு நட்டும் வேறு வேறு. மாற்றிப் போட்டால் இறுகியதுபோல் இருந்து ஓட்டத்தில் தளரும். சுமை எண்ணும், டயரின் உச்ச வேகத்தைக் குறிக்கும் வேக எழுத்தும் அந்தக் காருக்குக் கம்பெனி குறித்த அளவுக்குக் கீழே போகவே கூடாது. பேட்டரி எடை ஏறிய மின்சாரக் கார்களில் இதை இருமுறை சரிபார்க்க வேண்டும். மாற்றினால் நான்கையும் ஒன்றாக மாற்ற வேண்டும். சக்கரத்துக்குச் சக்கரம் சுழற்சியை ஒப்பிட்டு வேலை செய்யும் ஏ.பி.எஸ்., அளவு கலந்தால் குழம்பும். சட்டமும் இதே கோட்டில்தான் நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் வகுத்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. ஆகவே அதே மாடலுக்கு, அதே எஞ்சினுக்குக் கம்பெனி கொடுத்திருக்கும் சிறிய அளவோடு நின்றுகொள்வதே அறிவியலும் சட்டமும் சேர்ந்து காட்டும் வழி. அதைத் தாண்டிச் சொந்தக் கணக்கில் இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தை எழுதித் தெரிவித்துவிட வேண்டும்.

சாலையைச் சரிசெய்யாமல் சக்கரத்தை மாற்றச் சொல்வதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கோபம். கோடிக்கணக்கில் ஏற்றுமதி செய்யும் ஊருக்கு நல்ல சாலை கேட்கும் உரிமை முழுக்க உண்டு. அதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஷிப்மென்ட் தேதி சாலைக்காகக் காத்திருப்பதில்லை. மேலும், சாலை முழுக்கச் செம்மையானாலும் வேகத்தடையும் ரயில்வே கேட்டும் மழைக்குப்பின் முளைக்கும் குழியும் இருந்தே தீரும். தார்ச்சாலையின் இயல்பே தண்ணீருக்கும் பாரத்துக்கும் உடைவது. காற்றுக்கு இடம் விட்ட டயர் அன்றைக்கும் வீணாகப் போவதில்லை.

நல்ல நிலையில் உள்ள ரிம்மையும் டயரையும் இன்றே கழற்றி எறிய வேண்டியதில்லை. பட்டன் தேய்ந்து, சட்டம் வகுத்த 1.6 மி.மீ. எல்லையை நெருங்கும்போதோ, குழியில் அடிபட்டு ஓர் அலாய் விரிசல் விடும்போதோ முடிவெடுத்தால் போதும். அப்போது கடைக்காரர் ஓர் அங்குலம் பெரிதாகப் போட்டால் வண்டி கம்பீரமாக இருக்கும் என்பார். அதற்குமுன் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். டயர் அளவுகளும் அவற்றுக்கான காற்றழுத்தமும் அதில் அச்சிட்டிருக்கும். இரண்டு அளவு இருந்தால், பிரேக் பொருந்துகிறதா என்று சர்வீஸ் சென்டரில் உறுதி செய்துகொண்டு, சிறியதைக் கேளுங்கள்.